இரண்டு பறவைகளுக்கு மூன்று கிண்ணங்கள்

காலை 7.10. மஞ்சள், கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. பச்சை அதன் பக்கத்தில் வந்தது. மஞ்சள் கழுத்தை நீட்டி அதன் காலைக் கொத்தியது. பச்சை மேல்குச்சிக்குப் போய்விட்டது. கிண்ணம் நிறையத் தினை இருக்கிறது.

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் நான் எழுதிவைத்த குறிப்பு இது. அதே தாளில் 7.25, 7.40, 8.05 என்று இன்னும் மூன்று குறிப்புகள் உண்டு. நான்கும் ஏறக்குறைய ஒன்றே. நான்கிலும் கடைசி வாக்கியம் தவறு. அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு நாள் ஆனது.

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருபது வருடம் இருந்தவள் நான். கிடங்கில் இருப்பு போதுமான அளவு உள்ளது என்று ஒரு செய்தி வந்தால், யார் சொன்னது, யார் மூட்டையைப் பிரித்துப் பார்த்தது என்று நிருபரைக் கூப்பிட்டுக் கேட்பது என் வேலை. இப்போது வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கணவருக்கு இங்கேயே அரசு அலுவலகத்தில் வேலை. நடந்தே போய் வந்துவிடுவார்.

பறவைகளைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு சாயங்காலம் ஒரு கையில் டிபன் பை, மறு கையில் கூண்டு என்று படியேறி வந்தார். உள்ளே ஆளுக்கொரு மூலையில் இரண்டு சின்னக் கிளிகள், ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக் கடையில் கொடுத்திருந்தார்கள்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்குதுனு நீதான சொன்ன" என்றார்.

"நல்லா இருக்குதுனு சொன்னேங்க. குறையா சொல்லல."

"அப்டியா" என்றார். கூண்டைக் கீழே வைக்கவில்லை. "எங்க மாட்டலாம்?"

என் மேசைக்குப் பக்கத்திலேயே, ஜன்னலோரம் மாட்டினோம். மூக்கின் மேல் இருக்கும் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதன்படி பச்சை ஆண், மஞ்சள் பெண். பெயர் எதுவும் வைக்கவில்லை. நிறமே போதும் என்று விட்டுவிட்டோம்.

மெய்ப்பை நான் வாய்க்குள் முணுமுணுத்தபடிதான் படிப்பேன். முதல் வாரத்திலேயே பச்சை அதைக் கண்டுபிடித்துவிட்டது. நான் படிக்க ஆரம்பித்ததும் கூண்டில் என் பக்கத்து மூலைக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானும் கரகரவென்று ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். பிழையைப் பார்த்து நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். திருத்திவிட்டு மேலே போனால் அதுவும் தொடரும். பிழை மலிந்த பக்கமென்றால் எங்கள் இருவர் பேச்சும் திக்கித் திக்கித்தான் நடக்கும். இருபது வருட அலுவலகத்தில் இவ்வளவு ஒத்துழைத்த ஆள் எனக்குக் கிடைத்ததில்லை.

தீனி வைப்பது கணவரின் பொறுப்பு. முதல் சில வாரம் தினமும் காலையில் கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்து, கழுவித் துடைத்து, புதிதாகத் தினை போட்டார். பிறகு ஒருநாள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைக் கூடைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"முக்கால் கிண்ணம் அப்டியே இருக்குது. இவ்ளோத்தையும் கொட்றதா?"

கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம் அவருடையது. நெல்லும், மணிலா என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையும் விளைகிற வீடு. தரையில் நாலு அரிசி சிந்தினால் விரலை ஈரமாக்கி ஒற்றி எடுக்கிற வழக்கம் அங்கே இன்றும் உண்டு. தானியத்தைக் குப்பையில் கொட்டி வந்த அந்தச் சில வாரமும் அவர் மனது உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து கொட்டுவதை நிறுத்தினார். இருக்கிற தினைக்கு மேலே தினமும் ஒரு ஸ்பூன் போட்டார். கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருந்தது.

சண்டை ஆரம்பித்ததும் அந்த வாரத்தில்தான். இரண்டும் என் குறிப்பில் இருக்கின்றன. ஒன்றை ஒன்றோடு சேர்த்து நான் படிக்கவில்லை.

மஞ்சள், கிண்ணத்தின் மேலேயே குடியேறியது. பச்சை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் துரத்தியது. சில நேரம் பச்சை தலைகீழாகத் தொங்கிக் கூரை வழியாக வந்து பார்த்தது. அதுவும் பலிக்கவில்லை. நான்கைந்து நாளில் பச்சை பகலிலேயே இறகை உப்பிக்கொண்டு தூங்க ஆரம்பித்தது. நான் மெய்ப்புப் படித்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

கணவர் துண்டைப் போட்டு அதைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வெயிட்டே இல்ல. நெஞ்செலும்பு கைல குத்துது."

"அது மட்டும் ஏங்க இளைக்குது? மஞ்சளும் ஒன்னும் பெருத்துடலயே."

"இவ்ளோ தீனி இருக்கறப்ப எதுக்கு இளைக்குது? இவ விட மாட்றா. அதான்."

எதிர் வீட்டு அக்காவிடம் அவர் பேசியது அன்றைக்குத்தான். அக்காவுக்கு அடி அண்ணாமலை சொந்த ஊர். பௌர்ணமிதோறும் அங்கே தம்பி வீட்டு வாசலில், கிரிவலப் பாதையை ஒட்டிச் சுக்கு காபி கடை போடுவார். அவர் வீட்டிலும் ஒரு கூண்டு உண்டு. அதில் நீலத்தில் ஒரு பெட்டை, தனியாக. ஒரு மாதமாக அது சத்தமே போடுவதில்லை என்றும், ஏக்கம்தான் காரணம் என்றும், ஒரு ஆணைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இங்க கெடந்து சாவறதுக்கு அங்க போய் நல்லா இருக்கட்டும்" என்றார் கணவர். "பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

பச்சையைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது. அதற்குள் சண்டையை நிறுத்திவிட்டால் பச்சை இங்கேயே இருக்கும் என்று மட்டும் பேசிவைத்துக்கொண்டோம்.

முதலில் இரண்டாவது கிண்ணம் வாங்கினோம். கணவர் பழைய கிண்ணத்தில் இருந்ததை இரண்டாகப் பிரித்துப் போட்டார். அலுவலகத்தில் நிலத்தை அளந்து பாகம் பிரிக்கிற தாள்களைத் தினமும் பார்க்கிறவர் அல்லவா. இரண்டையும் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு சிட்டிகையை இதிலிருந்து அதற்கு மாற்றி, மறுபடியும் பார்த்தார். பிறகு இரண்டின் மேலும் அரை அரை ஸ்பூன்.

"சரிபாதி. இனிமே எவளும் கேக்க முடியாது."

மஞ்சள் கேட்கவில்லை. இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இடது பக்கம் ஒரு கொத்து, வலது பக்கம் ஒரு கொத்து என்று வேலையைத் தொடர்ந்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அக்கா சுக்கு இடித்த வாசனையோடு மாடிக்கு வந்தார். தனக்கு வரப்போகிறதைப் பார்க்க வந்தவர், கூண்டுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா இது, ரெண்டு கிண்ணத்தையும் ஒட்டினாப்ல வெச்சிக்கிற?"

"ஏன்க்கா?"

"பௌர்ணமிக்கு நீ கிரிவலம் வந்ததே இல்லியா? ஒரே எடத்துல சோறு போட்டா தள்ளுமுள்ளு. பக்கத்து பக்கத்துல போட்டாலும் தள்ளுமுள்ளுதான், அங்க ஜாஸ்தி குடுக்கறான்னு ஓடுவான். தூரமா, ஒருத்தன் துன்றது ஒருத்தனுக்குத் தெரியாம போடணும். அப்ப அவனவன் வாங்கிக்கினு போய்ட்டே இருப்பான்."

அவரே கையை விட்டு ஒரு கிண்ணத்தைக் கழற்றி மறுகோடியில் மாட்டினார். மஞ்சள் அவர் விரலையும் கொத்தியது.

"அக்கா, சண்டை நின்னுட்டா பச்சை உங்களுக்கு இல்ல. தெரியும்ல?"

"அதுக்குன்னு ஒரு வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்கட்டும்னு சும்மா நிக்கறதா? நின்னா ஒனக்கு, நிக்கலன்னா எனக்கு. சுக்கு அப்டியே கெடக்குது, வரேன்."

அவர் சொன்னது பாதி பலித்தது. தூரமாக இருந்த கிண்ணத்துக்குப் பச்சை இரண்டு முறை போனது. மஞ்சள் கவனிக்கவில்லை. ஆனால் பச்சை அலகால் கிளறிப் பார்த்தது, கிளறிப் பார்த்தது, ஒன்றும் தின்னாமல் திரும்பி வந்துவிட்டது. மாலை 5.30 என்று நேரம் போட்டு, பச்சைக்குப் பசியில்லை, உடம்பு சரியில்லை போலிருக்கிறது, கிண்ணம் நிறைய இருக்கிறது என்று எழுதினேன். அன்று அதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

பௌர்ணமி அன்று மதியம் கணவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ட்யூட்டிக்குக் கிளம்பினார். மறுநாள் காலையில்தான் வருவார். எங்கள் தெரு வழியாகவே ஆட்கள் மலையைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தார்கள். போகும்போது கணவர் கூண்டைப் பார்த்துவிட்டு, "நீயே பிடிச்சிக் குடுத்துடு. நான் இல்லாதப்ப போனா தேவல" என்றார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசி நாள் என்பதால் மேசையில் இருந்த சின்ன மின்விசிறியோடு நாற்காலியைக் கூண்டுக்கு அருகிலேயே போட்டுக்கொண்டேன். இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. விசிறியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவிட்சை நிறுத்தவில்லை. விசிறியின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்றும் பார்க்கவில்லை.

2.35க்கு மின்சாரம் வந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றிய அந்தக் கணத்தில் இரண்டு கிண்ணமும் வெடித்ததுபோல் எழும்பின. தங்க நிறத்தில் ஒரு புகை கூண்டைத் தாண்டி, ஜன்னல் திரையைத் தாண்டி, அறை முழுவதும் பரவியது. என் தலையில், காபித் தம்ளரில், மெய்ப்புத் தாள்களின் மேல். பறவைகள் இரண்டும் அலறிக்கொண்டு கூரைக்குப் போய்விட்டன.

எனக்கு முதலில் புரியவில்லை. தினை பறக்காது. அவ்வளவு கனம் அதற்கு உண்டு.

விசிறியை நிறுத்திவிட்டு, மடியில் விழுந்ததில் ஒன்றை நகத்தில் எடுத்துப் பார்த்தேன். அது பாதியாகப் பிளந்த வெறும் கூடு. இந்தப் பறவைகள் ஒவ்வொரு மணியாக அலகில் உருட்டி, உள்ளே இருப்பதை மட்டும் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் போடுகின்றன. நிறம் அதே நிறம், அளவு ஏறக்குறைய அதே அளவு, மினுமினுப்பும் அப்படியே. கிண்ணத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றில் ஏழு தினை. மற்றதில் மூன்று.

கணவரைக் கூப்பிட்டேன். நாலு முறை அடித்தபிறகு எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம்.

"என்னங்க, கிண்ணத்துல தினையே இல்ல."

"காலைலதான பாத்தேன், நிறைய இருந்துது."

"அது உமி."

"என்னது?"

"உமி. எல்லாமே உமி. பதினோரு நாளா உமிதான்."

"இங்க ஒரு அம்மா புருஷனக் காணோம்னு நிக்கிறாங்க" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "உமியா?" என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இரண்டு கிண்ணத்தையும் கழுவி, வழிய வழியத் தினை போட்டேன். 2.50. மஞ்சள் தின்கிறது. தலையைத் தூக்கவில்லை. 2.52. பச்சை மறுகோடியில் தின்கிறது. 3.01. இருவரும் இன்னும் தின்கிறார்கள். அந்தப் பதினோரு நிமிடமும் கூண்டிலிருந்து வந்தது ஒரே சத்தம்தான், சின்ன மழை தகரத்தில் விழுவதுபோல உமி உடைகிற சத்தம்.

தினமும் மேலே போட்ட அந்த ஒரு ஸ்பூன்தான் கூண்டில் இருந்த மொத்தச் சாப்பாடு. இரண்டு உயிருக்கு அது போதாது. மஞ்சள் பேராசைக்காரி என்று நான் எழுதியிருந்தேன். அவளும் பசியில்தான் இருந்திருக்கிறாள். பலம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

பதினோரு நாள் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, கிண்ணம் நிறைய என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் நீக்கல் குறி போட்டேன். சொந்தப் பிரதியில் அத்தனை குறி நான் போட்டதில்லை. ஏனோ சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

வயிறு நிறைந்ததும் மஞ்சளுக்குப் பழைய வேலை ஞாபகம் வந்தது. பசி இல்லாவிட்டாலும் பழக்கம் இருக்கிறதே. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்து இரண்டையும் காவல் காத்தது. அக்கா சொன்னதில் மீதிப் பாதியை நான் செய்யவே இல்லை என்று அப்போது உறைத்தது. ஒருவர் தின்பது ஒருவருக்குத் தெரியக் கூடாது. போன வருட நாள்காட்டியின் அட்டையை வெட்டி, கூண்டின் நடுவில் பாதி உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்தேன். தயிர் வாங்கின சின்ன டப்பா ஒன்றைக் கழுவி, மூன்றாவது கிண்ணமாகக் கூண்டின் தரையில் வைத்தேன். ஒரு கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தால் மற்ற இரண்டில் ஒன்று கட்டாயம் கண்ணுக்குத் தெரியாது.

மஞ்சள் முக்கால் மணி நேரம் மூன்றையும் காக்கப் பார்த்தது. தடுப்பின் மேல் ஏறி நின்றது. இந்தப் பக்கம் இறங்கினால் பச்சை அந்தப் பக்கம் இருந்தது. 4.10க்கு விட்டுவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, தயிர் டப்பாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கணவர் வந்தார். கால் முழுக்கத் தூசி. கூண்டைப் பார்ப்பதற்கு முன்னால், நான் ஒரு தாளில் கூட்டி வைத்திருந்த உமியைத்தான் பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, வாயருகே கொண்டுபோய் ஊதினார். கை காலியானது.

"களத்துல நின்னு எவ்ளோ தூத்தியிருப்பேன்" என்றார். "ஒரு ஊது ஊதிப் பாக்கத் தோணல பாரு."

"அது மட்டுமா. அத ரெண்டு கிண்ணத்துக்கும் சரிபாதியா வேற பிரிச்சீங்க."

"சிட்டிகை கூட கம்மி ஜாஸ்தி இல்லாம" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், நிற்க முடியாமல் செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார். இரவு முழுக்கத் தூங்காத சிரிப்பு அது. கூண்டுக்குள் பச்சையும் கரகரவென்று சேர்ந்துகொண்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு அதன் குரலைக் கேட்டோம்.

பத்து மணிக்கு அக்கா வந்தார். கையில் காலிக் கூண்டு, மேலே ஒரு துண்டு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் குரலில் கடை நன்றாகப் போயிருக்கிறது என்று தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கூண்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, பறவைகளுக்கு எதிரே உட்கார்ந்தார். கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் இடது கிண்ணத்தில் தின்றது, பச்சை தயிர் டப்பாவில் தின்றது. ஒருமுறை மஞ்சள் எட்டிப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. பச்சை நிதானமாக வலது கிண்ணத்துக்குப் போனது.

"ம்" என்றார் அக்கா. "துன்னுது. இன்னா பண்றது, ஒனக்குத்தான் குடுப்பன."

அவர் கூண்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. கணவர்தான் கேட்டார்.

"அக்கா, உங்க வீட்டு கிண்ணத்த கடைசியா எப்ப கொட்னீங்க?"

"கொட்றதா? நல்லா கேட்ட போ தம்பி. தானியத்த எவளாவது குப்பையில கொட்டுவாளா? மேல ஒரு சிட்டிக தூவிட்டா, அது பாட்டுக்கு நெறய..."

அங்கேயே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு தரையில் மிச்சமிருந்த உமியைப் பார்த்தார். காலிக் கூண்டோடு விறுவிறுவென்று படியிறங்கினார். இறங்கின வேகத்தில் கூண்டுக் கதவு திறந்து திறந்து அடித்துக்கொண்டது.

நாங்கள் பால்கனிக்கு ஓடினோம். எதிர் வீட்டு வாசலுக்கு அக்கா கிண்ணத்தோடு வந்தார். ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தை உப்பி ஊதினார். வெயிலில் அந்தப் புகை கோலத்தின் மேல், செருப்புகளின் மேல், மலையைச் சுற்றி முடித்துத் தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரின் மேல் மெதுவாக இறங்கியது. அக்கா கிண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பார்த்தார். எதுவும் விழவில்லை.

"தம்பி" என்று தெருவிலிருந்தே மேலே பார்த்துக் கூப்பிட்டார். "இங்கயும் அதே கதைதான்."

"ஜோடி வேணாவா அக்கா?"

"ஜோடி அப்பால பாத்துக்கலாம். மொதல்ல அதுக்கு சோறு வெக்கறேன் இரு."

இப்போது எங்கள் வீட்டில் தினமும் காலையில் தூற்றல் நடக்கிறது. கணவர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். எதிரே அக்கா வாசலுக்கு வருவார். இருவரும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு ஊதுவார்கள். அடியில் தங்குகிற தினை திரும்பவும் கிண்ணத்துக்கே போகும். ஒரு மணியும் குப்பைக்குப் போவதில்லை என்பதில் இரண்டு வீட்டாருக்கும் திருப்தி.

பௌர்ணமிக்கு மறுநாள் தாள் என்னிடம் இருக்கிறது. அதில் கடைசிக் குறிப்பு இது:

மாலை 4.20. எதிர் வீட்டிலிருந்து சத்தம். ஒரு மாதத்தில் முதல் முறை. பச்சை பதில் சொல்கிறது. மஞ்சள் தயிர் டப்பாவில். மூன்றையும் ஊதிப் பார்த்தேன். தினை இருக்கிறது.